பெயர் எழுதப்படாத அரசிகள்

(மருதமுனையில் நடைபெற்ற நமது பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருத்தியை நூற்றாண்டு விழாவில் பேசக் கூப்பிட்டால், பாடசாலையின் வரலாற்றைத்தான் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு இந்த மலரில் தனிக் கட்டுரை இருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு: தொலைக்காட்சியில் வரும் அரண்மனைத் தொடர்கள். சிரிக்காதீர்கள். இந்த மண்டபத்தில் அப்படியொரு தொடரை ஒரு நாளும் பார்க்காதவர்கள் கை உயர்த்துங்கள் என்றால் எத்தனை கை உயரும் என்று எனக்குத் தெரியும்.

2012 அளவில் ரூபவாஹினியில் 'சுஜாத தியணி' என்ற பெயரில் கொரிய அரண்மனைத் தொடர் சிங்களத்தில் ஓடியது. சிங்களம் சரியாகத் தெரியாத மூத்தம்மாமாரும் அதைப் பார்த்து அழுதார்கள். பிறகு தமிழில் குரல் மாற்றிய 'ஜோதா அக்பர்' வந்தது. மத்திய கிழக்கில் வேலைக்குப் போன நம் சகோதரிகள் பலர், சுல்தான் சுலைமானின் அந்தப்புரக் கதையை அரபு மொழியில் பார்த்துவிட்டு வந்தார்கள். இப்போது நம் பேத்திமார் கைத்தொலைபேசியில் சீன அரண்மனைத் தொடர்களைப் பார்க்கிறார்கள். ஒரு தொடர் எழுபது அத்தியாயம் போகிறது. பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது பார்க்கிறார்கள் என்பது தனிக் கவலை.

எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், இது உண்மையிலேயே நடந்ததா?" வகுப்பிலும் கேட்டார்கள், கலியாண வீட்டிலும் கேட்டார்கள். நின்ற நிலையில் பதில் சொல்ல முடியாத கேள்வி. இன்று ஒலிவாங்கி என் கையில் இருப்பதால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

சீனத் தொடரிலிருந்தே தொடங்குவோம். 2018இல் வெளிவந்த 'யன்ஷி அரண்மனையின் கதை' உலகமெங்கும் பார்க்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டு, சிங் வம்சத்துப் பேரரசர் சியன்லோங்கின் காலம். கதாநாயகி அரண்மனையின் தையல் வேலைப் பகுதிக்குப் பணிப்பெண்ணாக வருகிறாள். அக்காவின் மரணத்துக்குக் காரணமானவர்களைத் தேடுகிறாள். வஞ்சம் தீர்க்கிறாள். கடைசியில் பேரரசருக்கு மிக நெருங்கிய அரசியாகிறாள்.

நாம் தறியோடு வளர்ந்த ஊர்க்காரர். சேலையைக் கையில் எடுத்ததும் நூலைப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தக் கண்ணோடு இந்தத் தொடரைப் பார்த்தால் மெச்சத் தோன்றும். மஞ்சு இனப் பெண்கள் ஒரு காதில் மூன்று தோடு போடுவது அக்கால வழக்கம். இந்தத் தொடரில் அரசிமாரின் காதுகளில் மூன்று மூன்றாகத்தான் தொங்குகின்றன. பேரரசரின் முதல் மனைவி ஃபுசா அரசி, முத்தும் மாணிக்கமும் சூடாமல் செயற்கைப் பூக்களையே தலையில் வைத்துக்கொண்ட சிக்கனக்காரி என்று சிங் வரலாற்றுப் பதிவு சொல்கிறது. தொடரிலும் அவருக்குப் பட்டு நூலால் செய்த பூக்களைத்தான் சூட்டியிருக்கிறார்கள். நாஞ்சிங் நகரத்துப் பழைய கைவினை அது. தொடர் புகழ் பெற்றதும் அந்தக் கைவினைக்கும் மறுபடி மதிப்பு வந்தது. ஒரு தொடரால் ஒரு கைத்தொழில் தலைநிமிர்ந்தது என்றால், தறி ஓசை குறைந்துபோன ஊரில் இருக்கும் நமக்கு அது சின்ன விஷயமல்ல.

எல்லாத் தொடரும் உடையில் இவ்வளவு கவனம் எடுப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டுக் கதை என்பார்கள். அரசியின் தலைக்கு மேல் பலகைபோல் அகன்ற பெரிய தலையணி நிற்கும். அது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பேரரசித் தாய் சிசியின் காலத்துப் புகைப்படங்களில் காணும் அணி. நம் ஊர்க் கதையில் உங்கள் பூட்டிக்குப் பஞ்சாபி உடுப்பு போட்டுவிட்டதுபோல.

ஆனால் உடுப்பு சரியா பிழையா என்பது சின்னக் கேள்வி. அந்த உடுப்புக்குள் இருக்கும் பெண் யார் என்பதுதான் பெரிய கேள்வி.

யன்ஷி தொடரின் கதாநாயகிக்கு வெய் யிங்லுவோ என்று பெயர். அப்படி ஒரு அரசி இருந்தாரா? இருந்தார். வெய் குடும்பத்திலிருந்து வந்தவர். பேரரசருக்கு ஆறு பிள்ளைகளைப் பெற்றார். 1775இல் காலமானார். அவர் இறந்து இருபது வருடத்துக்குப் பிறகு, 1795இல், அவருடைய மகன் அடுத்த பேரரசர் என்று அறிவிக்கப்பட்டபோதுதான் அவருக்குப் பேரரசி என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் 'யிங்லுவோ' என்ற பெயர் பதிவில் இல்லை. அது கதாசிரியர் வைத்த பெயர். உம்மாவும் வாப்பாவும் அவருக்கு வைத்த பெயர் எது என்று தேடினால் கிடைக்காது. சிங் அரசவையின் எழுத்தர்கள் அரசிமாரின் குலப் பெயரையும் பட்டத்தையும் கவனமாக எழுதினார்கள்; சொந்தப் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை.

அதே பேரரசரின் இரண்டாவது பேரரசி நாரா குலத்தவர். 1765இல் தென்பகுதிப் பயணத்தின்போது அவர் தன் கூந்தலை வெட்டிக்கொண்டார். மஞ்சு வழக்கப்படி அது பெரிய துக்கத்துக்கு மட்டும் செய்வது. மற்ற நாளில் செய்தால் பெருங்குற்றம். அடுத்த வருடம் ஒதுக்கப்பட்ட நிலையில் இறந்தார். பேரரசிக்கு உரிய கல்லறைகூட அவருக்குத் தனியாகக் கட்டப்படவில்லை. அவர் ஏன் கூந்தலை வெட்டினார்? என்ன சொன்னார்? பதிவில் இல்லை. 2018இல் வந்த இன்னொரு தொடரான 'ரூயி' முழுவதுமே இந்த ஒரு மௌனத்தின் மேல் கட்டிய கதை. ரூயி என்ற பெயரும் கற்பனைதான்.

சகோதரிகளே, இங்கே நிறுத்தி ஒன்றைக் கவனியுங்கள். தொடர்காரர் பொய் சொல்கிறார் என்று நாம் கோபப்படுகிறோம். அந்தப் பொய் எங்கே முளைக்கிறது என்று பார்ப்பதில்லை. எழுத்தர் வெறுமையாக விட்ட இடத்தில்தான் அது முளைக்கிறது.

'ஜோதா அக்பர்' தொடருக்கு வருவோம். பேரரசர் அக்பர் 1562இல் ஆம்பேர் மன்னரின் மகளைத் திருமணம் செய்தார். அவர்தான் ஜஹாங்கீரின் தாய். அவருக்கு இருந்த பட்டம் மர்யமுஸ் ஸமானி. இவையெல்லாம் உண்மை. ஆனால் அக்பரின் வரலாற்றை எழுதிய அபுல் ஃபஸ்லின் நூலில் 'ஜோதா' என்ற பெயர் இல்லை. ஜஹாங்கீர் தானே எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் இல்லை. ஜஹாங்கீரின் மனைவியரில் ஒருவர், ஷாஜஹானின் தாய், ஜோத்பூரிலிருந்து வந்தவர். அந்த ஊரின் பெயர் மாமியார்மேல் ஏறிவிட்டது என்றும், 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் டொட் ராஜஸ்தானைப் பற்றி எழுதிய நூல் வழியாக இந்தக் குழப்பம் பரவியது என்றும் வரலாற்றாசிரியர் பலர் சொல்கிறார்கள். மருமகளின் ஊரை மாமியாரின் பெயராக்கிப் பல நூறு அத்தியாயம் ஓட்டியிருக்கிறார்கள்.

தொடரில் அவர் என்ன செய்கிறார்? கோபிக்கிறார், அழுகிறார், சமைக்கிறார், சூழ்ச்சியிலிருந்து தப்புகிறார். உண்மையான மர்யமுஸ் ஸமானி கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர். 'ரஹீமி' என்ற அவருடைய பெரிய கப்பல் சூரத் துறைமுகத்துக்கும் செங்கடலுக்கும் இடையே சரக்கையும் ஹஜ் பயணிகளையும் ஏற்றிச் சென்றது. 1613இல் போர்த்துக்கேயர் அதைப் பிடித்துக்கொண்டபோது, ஜஹாங்கீர் அவர்களுடைய வியாபாரத்தையே நிறுத்தும் அளவுக்கு விஷயம் போனது. ஒரு பெண்ணின் கப்பலால் ஒரு பேரரசுக்கும் போர்த்துக்கேயருக்கும் பகை மூண்டது. இதைவிட நல்ல கதை தொடர்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் அவர்கள் அந்தக் கப்பலைக் கரையிலேயே விட்டுவிட்டு, மாமியார் மருமகள் சண்டையைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சுலைமான் சுல்தானின் மனைவி ஹுர்ரெம் கதையும் இதேதான். அவர் பிறந்தபோது வைத்த பெயர் எது என்று உறுதியாகத் தெரியாது. ஹுர்ரெம் என்பது அரண்மனை வைத்த பெயர். 'மகத்தான நூற்றாண்டு' என்ற துருக்கியத் தொடர் 2011 முதல் 2014 வரை அவரைச் சூழ்ச்சிக்காரியாகவே காட்டியது. அவர் 1552இல் ஜெருசலேமில் ஏழைகளுக்கென்று நிறுவிய உணவுச் சாலையையும், அதற்கு நிலங்களையும் ஊர்களையும் வக்பாக எழுதிக்கொடுத்ததையும் எத்தனை பேர் அறிவோம்? அவர் சுல்தானுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. வக்பு என்ற சொல்லின் அருமை தெரிந்த நம் பெண்களுக்கு, அந்த உணவுச் சாலையைவிட நஞ்சுக் கிண்ணம்தான் நினைவில் நிற்கிறது.

இந்தத் தொடர்களுக்கு எதிர்ப்பு எழவில்லையா? எழுந்தது. அது எதற்காக எழுந்தது என்று பாருங்கள். 2008இல் ஜோதா அக்பர் கதை திரைப்படமாக வந்தபோது ராஜஸ்தானில் பரம்பரைக் கௌரவத்துக்காக எதிர்த்தார்கள். 2012இல் துருக்கியின் அப்போதைய பிரதமர் எர்டோகான், சுலைமான் தன் காலத்தின் பெரும்பகுதியைக் குதிரைமேல் கழித்தவர், அரண்மனையில் அல்ல என்று கண்டித்தார். 2019 ஆரம்பத்தில் பீஜிங்கின் ஒரு பத்திரிகை, இத்தொடர்கள் ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் வளர்க்கின்றன என்று கண்டித்தது. அதன்பின் சீனத் தொலைக்காட்சிகளில் சில தொடர்கள் நிறுத்தப்பட்டன. ஓரிடத்தில் குலத்தின் மானம், ஓரிடத்தில் அரசரின் மானம், ஓரிடத்தில் நாட்டின் ஒழுக்கம். அந்தப் பெண் என்ன செய்தவள், அவளுடைய பெயர் என்ன என்று கேட்டு ஒரு ஊரிலும் ஊர்வலம் போனதாக நான் வாசிக்கவில்லை.

பெண்களின் பெயர் நிலைத்த இடங்களும் உண்டு. எப்படி நிலைத்தது என்று பார்ப்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

'சுஜாத தியணி'யின் கதாநாயகி ஜாங்கம் உண்மையில் வாழ்ந்தவர். கொரியாவின் சோசன் அரச வம்சத்தில், 1506 முதல் 1544 வரை ஆண்ட ஜுங்ஜோங் மன்னரின் காலத்து மருத்துவப் பெண். தொடர் ஐம்பத்து நான்கு அத்தியாயம். அரச வரலாற்றுப் பதிவில் அவரைப் பற்றி இருப்பதோ பத்துக்குக் கிட்டிய சிறு குறிப்புகள் மட்டும். அவர் அரண்மனைச் சமையலறையில் வளர்ந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவருடைய பெற்றோர் யார், குடும்பப் பெயர் என்ன என்பவற்றுக்கும் ஆதாரம் இல்லை. ஆனால் ஜாங்கம் என்ற பெயர் இருக்கிறது. 1544இல் மன்னர் நோயுற்றபோது, தன் நோயின் நிலை அந்த மருத்துவப் பெண்ணுக்குத் தெரியும் என்று அவரே சொன்னதாகவும் குறிப்பு இருக்கிறது. ஆண் வைத்தியர்கள் நிறைந்த அரசவையில் ஒரு மன்னர் தன் உயிரை யாரிடம் நம்பிக் கொடுத்தார் என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி. மன்னரின் மனைவி என்பதாலோ இளவரசனின் தாய் என்பதாலோ அவர் பதிவில் ஏறவில்லை. செய்த வேலையால் ஏறினார்.

அந்தப் பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோசன் மன்னர்களின் காலக்குறிப்பு 1392 முதல் 1863 வரை, 472 வருடங்களுக்கு எழுதப்பட்டது. 1997இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழுதுகிறவர் எழுதுவதை மன்னர் பார்க்கக்கூடாது என்பது அங்கே இருந்த விதி. 1404இல் தெஜோங் மன்னர் வேட்டையாடும்போது குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, இது வரலாற்று எழுத்தருக்குத் தெரியக்கூடாது என்பது. எழுத்தர் என்ன செய்தார்? மன்னர் விழுந்ததையும் எழுதினார். எழுத்தருக்குத் தெரியக்கூடாது என்று மன்னர் சொன்னதையும் எழுதினார். அறுநூறு வருடம் கழித்து மருதமுனையில் நாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். எழுத்தின் பலம் அவ்வளவு.

அடுத்தவர் குல்பதன் பேகம், அக்பரின் மாமி. 1575இல் அரண்மனைப் பெண்களை அழைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். புனித நகரங்களில் சில வருடங்கள் தங்கி, 1582இல் ஊர் திரும்பினார். அறுபது வயதைக் கடந்த பிறகு, அக்பர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, தன் வாப்பா பாபரையும் சகோதரர் ஹுமாயூனையும் பற்றிப் பாரசீக மொழியில் ஒரு நூல் எழுதினார். ஆண்கள் எழுதிய வரலாற்றில் போரும் வெற்றியும் இருக்கும். இவருடைய நூலில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தப் பிள்ளை இறந்தது, எந்தப் பெண் எதற்கு மறுத்தாள் என்பதெல்லாம் இருக்கின்றன. பெண்களைப் பெயர் சொல்லி எழுதுகிறார். அந்த நூலின் கையெழுத்துப் படி ஒன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அது ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்து நிற்கிறது. மீதி ஏடுகள் கிடைக்கவில்லை. ஒரு பெண் உட்கார்ந்து எழுதினாலும் போதாது, அடுத்தவர் அதைப் பாதுகாக்கவும் வேண்டும் என்று அந்த அரைவாக்கியம் நமக்குச் சொல்கிறது.

இனி நம் நாட்டு அரண்மனைக்கு வருவோம். பீஜிங்கும் ஆக்ராவும் தூரம். கண்டி, பஸ் ஏறினால் ஒரு பகலில் போய்விடலாம்.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1798 முதல் 1815 வரை ஆண்டவர். தெலுங்கும் தமிழும் பேசிய நாயக்கர் குடும்பத்தவர். அந்த வம்சத்தின் அரசிமார் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். 1814இல் மன்னருக்கு எதிராகத் திரும்பிய எஹெலபொல என்ற பிரதானியின் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றும் அறிந்த கதை. 2014இல் சுனில் ஆரியரத்னவின் இயக்கத்தில் 'எஹெலபொல குமாரிஹாமி' என்று திரைப்படமாகவும் வந்தது. இங்கேயும் கவனியுங்கள்: எஹெலபொல என்பது கணவரோடு வந்த பெயர், குமாரிஹாமி என்பது உயர்குலப் பெண்ணுக்குரிய மரியாதைச் சொல். அந்தத் தாயை நாடே நினைத்து அழுகிறது. அழும்போது கூப்பிடுவதோ கணவரின் பெயரால்.

அந்தக் கொலைகளைப் பற்றி ஆங்கிலேயர் விரிவாக எழுதினார்கள். கொடுங்கோலனிடமிருந்து மக்களை மீட்கவே கண்டிக்குள் நுழைந்தோம் என்று சொல்ல அந்த எழுத்து அவர்களுக்கு உதவியது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மன்னரும் அரசிமாரும் வேலூருக்கு அனுப்பப்பட்டார்கள். மன்னர் 1832இல் அங்கேயே இறந்தார். மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகர 2017இல் எழுதிய நூலில், அந்த மன்னரைப் பற்றி ஆங்கிலேயர் வரைந்த சித்திரத்தை மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். நான் அந்த மன்னருக்கு வக்கீலாக வரவில்லை. ஒரு பெண்ணின் துயரத்தை யார் எழுதுகிறார், எதற்காக எழுதுகிறார் என்பதைப் பொறுத்து ஒரு நாடே கைமாறலாம் என்பதைத்தான் சொல்கிறேன். வேறு மொழி பேசிய மன்னர் என்றால் கொடியவர்தான் என்று பிள்ளைகளின் மனதில் பதிந்துவிட்டால், அந்தப் பாரம் எங்கே வந்து இறங்கும் என்று இந்த நாட்டில் வாழும் நமக்கு விளக்கத் தேவையில்லை.

கண்டி அரசுக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, 1626இல் செனரத் மன்னர் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கத்தில் குடியேற்றினார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மர்யமுஸ் ஸமானியின் கப்பலைப் பிடித்த அதே போர்த்துக்கேயர்தான். பதின்மூன்று வருட இடைவெளியில், ஒரே பகையின் இரண்டு பக்கம்.

அந்தக் காலத்திலிருந்து நம் சமூகம் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. மகியங்கனைப் பக்கத்தில் பங்கரகம்மன என்ற ஊர். போர்த்துக்கேயர் துரத்திவர, மன்னர் ஓடி ஒளிகிறார். ஒளிந்த இடம் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குத் தெரியும். வந்தவர்கள் கேட்கிறார்கள். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கேயே அவளை வெட்டிக் கொல்கிறார்கள். உயிர் தப்பிய மன்னர் அவளுடைய வழிவந்தவர்களுக்கு அந்த ஊர் நிலத்தைக் கொடுக்கிறார். அந்த மன்னர் செனரத் என்பார் சிலர். அவருடைய மகன் இரண்டாம் இராஜசிங்கன் என்பார் சிலர். 'மரக்கல' என்ற சொல்லே அவளுடைய இரத்தத்திலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் கப்பலைக் குறிக்கும் மரக்கலம் என்ற நம் தமிழ்ச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்த விளக்கம் நிற்காது.

மன்னரின் பெயரைப் பற்றி நாம் வாதம் செய்கிறோம். ஊரின் பெயர் இருக்கிறது. சொல்லின் பிறப்புக்குக்கூட ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறோம். உயிரைக் கொடுத்தவளின் பெயர் என்ன? தெரியாது. நானூறு வருடமாகப் பெருமையோடு சொல்லிவருகிறோம். அவளை 'ஒரு முஸ்லிம் பெண்' என்றுதான் சொல்லிவருகிறோம். நாளைக்கு யாராவது இதைத் தொடராக எடுத்தால் முதல் வேலையாக அவளுக்கு ஒரு பெயர் வைப்பார்கள். அழகான பெயராக இருக்கும். பத்து வருடத்தில் அதுதான் உண்மைப் பெயர் என்று நம் பேத்திமார் பரீட்சையில் எழுதுவார்கள். அப்போது தொடர்காரரை ஏசுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கும்?

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். நூறு வருடம். இந்த நூறு வருடத்தில் சிலேட்டும் பலகையுமாக முதன்முதலில் வந்த பிள்ளைகள் யார்? "அவர்ர மூத்த மகள்", "இவர்ர பெண்சாதி", "அந்த வளவு உம்மா" என்று சொல்வோம். பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டிப் பார்த்தவள் நான். தகப்பன் பெயருக்கு இடம் இருக்கும். தாயின் பெயருக்கு இடம் இராது. பிள்ளை ஏன் விலகினாள் என்ற இடத்தில் ஒரு சொல் இருக்கும், அல்லது ஒன்றுமே இராது. நாரா அரசியின் கூந்தலைப் போல அதுவும் ஒரு மௌனம். அந்தப் பிள்ளை கலியாணத்துக்காகப் போனாளா, தறியில் உட்காரப் போனாளா, தம்பியைப் பார்க்கப் போனாளா, படிக்க ஆசைப்பட்டு அழுதுகொண்டே போனாளா? எழுதவில்லை. மிஞ்சியிருந்த கடதாசிகளில் எத்தனையோ 2004ஆம் ஆண்டு மார்கழியில் கடலோடு போயின. கடதாசி போனால் பரவாயில்லை, சொல்லித்தரப் பெரியவர்கள் இருந்தார்கள் என்றும் ஆறுதல்பட முடியவில்லை. அவர்களில் பலரையும் அன்று காலையில் கடல்தான் கொண்டுபோனது.

ஆகவே நமது சங்கத்திடம் நான் கேட்பது கட்டிடமல்ல, மேடையல்ல. ஒரு பதிவேடு. பழைய மாணவி ஒவ்வொருத்தியும் தனக்கு மூத்த மூன்று பெண்களைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்தப் பெயர், உம்மாவின் பெயர், படித்த காலம், எந்தத் தரத்தோடு நின்றாள், ஏன் நின்றாள், பிறகு என்ன வேலை செய்தாள். தறி நெய்ததும் வேலைதான். பாய் இழைத்ததும் வேலைதான். பிள்ளை பெறுவித்த மருத்துவிச்சியும், குவைத்தில் சமைத்து இங்கே வீடு கட்டினவளும் பதிவேட்டில் வரவேண்டும். பட்டம் பெற்றவர்களின் பெயரை எழுத ஆள் இருக்கிறது. மற்றவர்களுக்குத்தான் நாம் தேவை.

எழுதும்போது சோசன் அரசின் எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரையிலிருந்து விழுந்ததையும் எழுதுங்கள். ஊரின் முதல் பெண் ஆசிரியை யார் என்று இரண்டு குடும்பம் இரண்டு பெயர் சொன்னால், இரண்டையும் எழுதி, யார் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். சண்டை வேண்டாம், பின்னால் வரும் ஒருத்தி ஆதாரம் கண்டுபிடிப்பாள். கேட்டதைக் கேட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்து எழுதுங்கள். தெரியாததை அலங்கரித்து நிரப்பாதீர்கள். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், சம்பளமும் வாங்குகிறார்கள்.

பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளே, தொடரைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். பாருங்கள். பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பெண்ணின் பெயர் பதிவில் உண்டா? மூடிய அறைக்குள் நடந்த இந்தப் பேச்சை எழுதி வைத்தவர் யார்? அழுதது, பொறாமைப்பட்டது தவிர, இவள் வாழ்க்கையில் செய்த வேலை என்ன? மூன்றுக்கும் பதில் தேடிப் போனால் தொடரைவிடச் சுவையான இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள். கப்பல் வைத்திருந்த அரசியையும், ஹஜ்ஜுக்குப் போய்வந்து நூல் எழுதிய மாமியையும் அங்கேதான் சந்திப்பீர்கள்.

வெளிநாடுகளில் இருந்து இந்த மலரை வாசிக்கப் போகும் சகோதரிகளே, உங்களிடம்தான் பழைய வகுப்புப் படங்கள் இருக்கின்றன. படத்தின் பின்புறத்தில் வரிசையாகப் பெயர்களை எழுதி அனுப்புங்கள். நினைவுக்கு வராத முகத்துக்கு நேரே வெறுமையாக விடுங்கள். நாங்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறோம். அந்தத் தலைமுறையில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பதிவேட்டின் முதல் கொப்பியைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வாசல் மேசையில் பேனையோடு இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொருவரும் உம்மாவின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். இன்னாரின் மனைவி என்றல்ல. அவருடைய பெயரை.

வஸ்ஸலாம்.